நூறு கிலோ வாழையில் ஒரு கிலோ நார்: மீதி 99 எங்கே போகிறது?

ஒரு வாழை ஒரு தார்தான் போடும். தாரை வெட்டியபின் நிற்கும் மரத்தை, இலையையும் கொண்டையையும் கழித்துவிட்டு எடை போட்டால் ரகத்தையும் பருமனையும் பொறுத்து 15 முதல் 25 கிலோ இருக்கும். ஜி-9 ரகத்தை 1.8 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,230 மரம், பூவனை 2.1 மீட்டரில் நட்டால் 900. மொத்தத்தில் ஏக்கருக்கு 20 டன் பச்சைக் கழிவு என்று வைத்துக்கொள்ளலாம். மறுதாம்பு விடாத, அதாவது பக்கக் கன்றை அடுத்த பயிராக வளர்க்காத தோட்டங்களில் இதை அப்புறப்படுத்த விவசாயி கூலி கொடுக்கிறார். வரப்போரம் குவித்து அழுகவிடுகிறார். அந்தக் குவியல்தான் தண்டுக் கூன்வண்டுக்குப் பிரசவ வார்டு.

இதே கழிவிலிருந்து சேலை, பை, காகிதம் எல்லாம் வருகிறது என்று படம் போட்டுச் செய்தி வரும். செய்தி பொய்யில்லை. ஆனால் அதில் ஓர் எண் விட்டுப்போயிருக்கும். பச்சை வாழை மரத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். இயந்திரத்தில் பிரித்து, கழுவி, காயவைத்த நார் பச்சை எடையில் 1 விழுக்காடு, நன்றாக வந்தால் ஒன்றரை. ஒரு மரத்துக்கு 150 முதல் 200 கிராம். 5 டன் மரத்தை லாரியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுவந்தால் அதில் 50 கிலோதான் நார். மற்றபடி வாடகை கொடுத்துத் தண்ணீர் சுமந்திருக்கிறோம். வாழை நார்த் தொழிலில் யார் எங்கே தடுமாறினாலும் பெரும்பாலும் இந்த எண்ணில்தான் வந்து நிற்கும்.

பட்டைக்குள் என்ன இருக்கிறது

மரம் என்று நாம் சொல்வது உண்மையில் மரமே இல்லை. இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றை ஒன்று சுற்றி இறுகி நிற்கும் உருளை அது. அந்த ஒவ்வொரு சுற்றும் ஒரு பட்டை. நடுவில் பொரியலுக்கு எடுக்கிறோமே, அந்த வெள்ளைத் தண்டுதான் பூவையும் தாரையும் மேலே தூக்கிப்போகும் உண்மையான தண்டு. அதில் பிரித்தெடுக்கத் தக்க நீண்ட நார் கிடையாது.

ஒரு பட்டையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் தேன்கூடுபோல் காற்றறைகள் தெரியும். பட்டையின் பெரும்பகுதி இந்தப் பஞ்சுச் சதைதான், அதில் நிறையத் தண்ணீர். நல்ல நார் வெளிப்பக்கத் தோலை ஒட்டி, மெல்லிய அடுக்காக, மேலிருந்து கீழாக ஓடுகிறது. கையில் நார் எடுப்பவர்கள் பட்டையைப் பலகையில் தோல்புறம் கீழே இருக்கும்படி கிடத்தி, மொட்டைக் கத்தியால் உள்சதையை வழிப்பது இதனால்தான்.

பூக்காரம்மா கையில் இருக்கும் வாழை நார் வேறு. அது காய்ந்த பட்டையை அப்படியே கிழித்த கீற்று. நாரும் சதைத் தோலும் பிரியாமல் சேர்ந்தே இருக்கும். தண்ணீரில் நனைத்தால் துவண்டு, முடிச்சுக்கு நன்றாக இறுகும். பூவோடு சேர்ந்து மணக்கும் பழமொழி நார் இந்த ரகம். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் தொழிலும் இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது.

பட்டையை முழுதாகக் காயவைத்து, கீற்றாக்கி, முறுக்கிக் கயிறாக்குவது முதல் வழி. தண்ணீரைத் தவிர எதையும் எறிவதில்லை என்பதால் பச்சை எடையில் 5, 6 விழுக்காடு வரை பொருளாக மிஞ்சும். நார் பிரிப்பதைப்போல் நான்கைந்து மடங்கு. மதுரை மாவட்டம் மேலக்காலில் முருகேசன் சைக்கிள் சக்கரத்தை வைத்து உருவாக்கிய கயிறு முறுக்கும் இயந்திரம் இந்த வழியைச் சேர்ந்தது. 2021-இல் பிரதமரின் வானொலி உரையிலும் அது பேசப்பட்டது. கூடை, பாய், பை பின்ன இந்தக் கயிறு போதும். வாழைக் கழிவில் புதிதாக இறங்குகிற மகளிர் குழு ஒன்று எதில் தொடங்கலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். இதற்குத் தேவை வெயிலும் இடமும். மழைக்காலத்தில் பட்டை கறுத்துப் பூசணம் பிடிக்கும் என்பது மட்டுமே பெரிய தலைவலி.

நாரைத் தனியாகப் பிரிப்பது இரண்டாவது வழி. நெசவு, காகிதம், கலவைப் பலகை எல்லாவற்றுக்கும் இதுதான் வேண்டும். இனி பேசுவது அதைப் பற்றி.

மரம் தேர்வதில் தொடங்குகிறது தரம்

தார் வெட்டிய அன்றோ மறுநாளோ மரத்தை இயந்திரத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வெட்டுவாயில் வடியும் வாழைச் சாறு வேட்டியில் பட்டால் என்ன ஆகும் என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கறைதான் நாரிலும் ஏறுகிறது. சாற்றிலிருக்கும் துவர்ப்புப் பொருள்கள் காற்றுப் பட்டதும் பழுப்பாகும், இரும்பு பட்டால் கறுக்கும். நான்கு நாள் கிடந்த மரத்திலும் நார் வரும். நிறம் போயிருக்கும், பிறகு எவ்வளவு வெளுத்தாலும் முழுதாகத் திரும்பாது.

உயரமான ரகத்தில் நார் நீளம். குட்டையான ஜி-9-இல் நீளம் குறையும், ஆனால் தேனிப் பக்கம்போல் ஒரே ரகம் பரவலாக நட்ட இடங்களில் ஒரே சீரான மரம் நிறையக் கிடைக்கும். மறுதாம்பு விடும் தோட்டங்களில் தாய்மரத்தை உடனே அடியோடு வெட்டவும் கூடாது. அதிலிருக்கும் நீரும் சத்தும் சில வாரங்களுக்குப் பக்கக் கன்றுக்கு இறங்கும். அங்கே இரண்டு மூன்றடி கட்டை விட்டு மேல்பகுதியை மட்டும் எடுப்பது இரு தரப்புக்கும் சமாதானம். மறுநடவுக்கு நிலத்தையே காலி செய்யும் தோட்டங்களில் இந்தச் சிக்கல் இல்லை. மேலும், காலி செய்யும் கூலி மிச்சம் என்பதால் விவசாயி மரத்துக்கு விலை கேட்பதும் குறைவாகவே இருக்கும்.

இரண்டு வகை மரங்களைத் தொடவே கூடாது. கூன்வண்டின் புழு குடைந்த மரத்தில் பட்டைதோறும் ஓட்டையும் பழுப்புச் சாறும் இருக்கும். நார் துண்டு துண்டாக வரும். வாடல் நோய் கண்ட மரம் இதைவிட ஆபத்து. அடியில் குறுக்கே வெட்டினால் உள்ளே செம்பழுப்பு வளையமோ கீற்றோ தெரியும். அந்தப் பூஞ்சை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த மரத்தையோ அதன் சக்கையையோ அரிவாளில் ஒட்டிய மண்ணையோ அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோனால், நாரால் வரும் பணத்தைவிடப் பல மடங்கு நட்டம் அந்த ஊருக்கு.

மரத்தை இயந்திரத்துக்கு ஏற்ற நீளத்தில், வழக்கமாக 3 முதல் 5 அடியில், துண்டு போடுவார்கள். மேல்புறம் காய்ந்து கிழிந்த இரண்டு மூன்று பட்டைகளைக் கழித்துவிட்டு ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். வெளிப்பட்டையில் நார் தடிப்பு, முரடு, நல்ல பலம், நிறம் மட்டம். நடுப்பட்டைகள்தான் பொன். உள்ளே போகப்போக நார் வெண்மையாகவும் மெலிதாகவும் வரும், பலம் குறையும். இந்த மூன்றையும் உரிக்கும்போதே மூன்று குவியலாகப் போட்டுவிட்டால் பின்னால் தரம் பிரிக்கும் வேலையே இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, காய்ந்தபின் பிரிக்க உட்கார்ந்தால் ஒருநாள் கூலி அதிலேயே போகும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பவர்கள் மிகக் குறைவு.

இயந்திரம்: மொட்டையாக இருக்க வேண்டிய கத்தி

வாழைக்குப் பயன்படும் இயந்திரம் கற்றாழை நார் இயந்திரத்தின் வாரிசு. மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் கற்றாழை இன நாருக்காக உருவான ‘ராஸ்படோர்’ என்ற சுரண்டு உருளையின் அமைப்புதான் இன்றும். சுழலும் உருளையின் மேல் நெடுக்குவாட்டில் தகடுகள். எதிரே அசையாத ஒரு தாங்கு பலகை. இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி. ஒன்று முதல் மூன்று குதிரைத்திறன் மோட்டார் போதும்.

மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்த பட்டையைப் பாதி நீளம் உள்ளே விட்டு, நிதானமாகத் திரும்ப இழுக்க வேண்டும். பிறகு திருப்பிப் பிடித்து மறுபாதி. உள்ளே போகும்போது சதை நசுங்குகிறது. வெளியே இழுக்கும்போதுதான் வழித்தெடுக்கப்படுகிறது. வெடுக்கென்று இழுத்தால் நாரோடு சதையும் வந்துவிடும். நடுவில் நிறுத்தினால் ஒரே இடத்தில் அடிபட்டு நார் அறும்.

நார் குறைவாகவும் துண்டாகவும் வருகிறது என்றதும் பலர் செய்யும் முதல் காரியம் தகட்டைத் தீட்டுவது. அது தலைகீழ் வைத்தியம். தகடு வெட்டுவதற்கானதே அல்ல, சுரண்டுவதற்கானது. விளிம்பு மொட்டையாக, வழவழப்பாக இருக்க வேண்டும். பிழை பெரும்பாலும் இடைவெளியில் இருக்கும். இடைவெளி குறுகினால் நார் நறுங்கிச் சக்கையோடு போகும். கூடினால் நாரில் பச்சைச் சதை ஒட்டிக்கொண்டே வரும், அது காய்ந்ததும் தவிடுபோல் உதிரும். சக்கைக் குவியலில் கைவிட்டுப் பாருங்கள்: நீள நார் அகப்பட்டால் இடைவெளியைக் கூட்ட வேண்டும். வெளிப்பட்டை தடிப்பு, உள்பட்டை மெலிது என்பதால் ஒரே அமைப்பில் இரண்டையும் ஓட்டுவதும் சரிவராது. தகடு துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதா இரும்பு என்றால் மேலே சொன்ன கறுப்புக் கறை நிச்சயம்.

விபத்து நடப்பது ஒரே விதத்தில். ஈர நார் வழுக்குகிறது என்று விரலில் சுற்றிப் பிடிப்பார்கள். உருளை இழுக்கும்போது நாரோடு கையும் போகும். நாரைக் கையில் சுற்றவே கூடாது. ஒரு மரக் கவ்வியில் பிடிக்கலாம். தொளதொள கையுறை, வளையல், முழுக்கைச் சட்டை எல்லாம் விலக்கு. மோட்டாரை நிறுத்தும் விசை காலுக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், கைக்கெட்டும் இடத்தில் அல்ல.

விளம்பரத்தில் 20 கிலோ

ஒரு நாளைக்கு 20 கிலோ, 25 கிலோ உலர்ந்த நார் என்று விற்பனைத் தாளில் இருக்கும். வாங்குவதற்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. மரத்துக்கு 150 கிராம் வீதம் 20 கிலோவுக்கு 133 மரம். மரத்துக்குப் பயன்படும் பட்டை 12, ஒவ்வொன்றும் இரண்டாகக் கிழித்தால் 3,200 கீற்று. இருபுறமும் விட்டெடுத்தால் 6,400 தடவை. எட்டு மணி நேரத்துக்கு 480 நிமிடம். ஆக நான்கரை வினாடிக்கு ஒரு தடவை, இடையில் தேநீர் இல்லை, சக்கை அள்ளுவது இல்லை, தகட்டில் சுற்றிய நாரை எடுக்க மோட்டாரை நிறுத்துவதும் இல்லை. கைதேர்ந்தவர் இரண்டு கீற்றுகளைச் சேர்த்துவிட்டால் எட்டலாம். புதியவர் 10, 12 கிலோவோடு நிற்பார்.

இதில் ரூபாயைப் போடுங்கள். வெட்ட, உரிக்க, இயந்திரத்தில் விட, கழுவ என்று நான்கு பேர். எடுத்துக்காட்டுக்கு ஆளுக்கு 600 ரூபாய் என்றால் 2,400. நார் கிலோ 150 என்று விற்றால் 12 கிலோவுக்கு 1,800. நட்டம். 20 கிலோவுக்கு 3,000. மின்சாரமும் போக்குவரத்தும் போனால் கையில் நிற்பது சொற்பம். உங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் போட்டுப் பார்த்தாலும் படம் பெரிதாக மாறாது. நாரை மூட்டையாக மட்டுமே விற்பவருக்கு இது இழுபறிதான். இந்த இழுபறியிலிருந்து ஏற இரண்டு படிகள் உண்டு: நாரைத் தரம் பிரித்து மேல்தரத்துக்கு மேல்விலை வாங்குவது, 99 பங்குக்கு ஒரு பயன் கண்டுபிடிப்பது.

கழுவலும் உலர்த்தலும்

இயந்திரத்திலிருந்து வந்த நார் அரை மணி நேரம் சும்மா கிடந்தாலே நிறம் மாறத் தொடங்கும். மூன்று தொட்டிகளை வரிசையாக வைத்து, முதல் தொட்டியில் முதல் கழுவல், மூன்றாவதில் கடைசிக் கழுவல் என்று நகர்த்தினால் தண்ணீர் மிச்சம்: முதல் தொட்டியைக் கொட்டிவிட்டு, இரண்டாவதை முதலாவதாக்கி, புதுத் தண்ணீரை மூன்றாவதில் மட்டும் நிரப்பினால் போதும். உவர்ப்பும் இரும்புச்சத்தும் உள்ள ஆழ்துளைத் தண்ணீர் என்றால் நார் மங்கும்.

கழுவியதும் பிழிந்து, உதறி, மூங்கிலிலோ நைலான் கயிற்றிலோ தொங்கவிட வேண்டும். தரையில் பரப்பினால் மண்ணும் சிக்கலும். நிழலும் காற்றும் சேர்ந்த இடம் சிறந்தது. உச்சி வெயிலில் நாள்முழுதும் கிடந்தால் மஞ்சளித்து முறுமுறுக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் இறுக்கிக் கட்டிய மூட்டையைப் பத்து நாள் கழித்துப் பிரித்தால் நடுவில் கரும்புள்ளியும் புளித்த வாடையும் இருக்கும், மூட்டை முழுதும் திரும்பி வரும். ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் நார் காய்வது பெரும்பாடு. கூரையும் காற்றோட்டமும் உள்ள உலர்த்தும் கொட்டகை இல்லாமல் ஆண்டு முழுக்கத் தொழில் நடத்த முடியாது. மெஷினுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கொட்டகைக்கு ஒதுக்குவதே சரி.

ஏன் பஞ்சுபோல் நூற்க முடிவதில்லை

ஒரு முழ நார் நம் கண்ணுக்கு ஒரே இழை. உருப்பெருக்கியில் அது பல நூறு சிற்றிழைகள் பசையால் ஒட்டிய கட்டு. ஒவ்வொரு சிற்றிழையும் சில மில்லிமீட்டர்தான். பருத்தி இழையோ 25, 30 மில்லிமீட்டர். பசையை முழுதும் கரைத்துவிட்டால் மென்மையான நார் கிடைக்கும் என்று எண்ணிக் காய்ச்சுபவருக்குக் கிடைப்பது கூழ். காகிதத்துக்கு அது அருமையான பொருள், நெசவுக்குப் பயனில்லை. எனவே பசை நீக்குவது பாதியில் நிறுத்தத் தெரிந்தவரின் கலை.

நாரின் எடைக்கு 20 மடங்கு தண்ணீர், லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் காஸ்டிக் சோடா, கொதிக்கும் சூட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு மணி நேரம் என்று ஒரு சிறு பிடியில் தொடங்கிப் பார்க்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாலு இழையை எடுத்து இழுத்துப் பாருங்கள். பிரிகிறது, ஆனால் எளிதில் அறவில்லை என்ற கட்டத்தில் இறக்கிவிட வேண்டும். பின்னர் பலமுறை அலசி, வினிகர் கலந்த தண்ணீரில் முக்கிக் காரத்தை முறிக்க வேண்டும். மிச்சக் காரம் நாளடைவில் நாரைத் தின்றுவிடும். சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினிய அண்டா ஆகவே ஆகாது. காரம் அலுமினியத்தைக் கரைத்து, எரியக்கூடிய ஹைட்ரஜனைக் கிளப்பும். அந்தக் கழிவு நீரைத் தோட்டத்தில் பாய்ச்சினால் மண் களராகும். இதனால்தான் அந்தப் பசையிலுள்ள பெக்டினைக் கரைக்கும் நொதிகள் மேல் என்கிறார்கள். விலையும் சூட்டுக் கட்டுப்பாடும் அதில் தடை.

நூற்காமல் முடிவது இன்னொரு பாதை. சென்னையை அடுத்த அனகாபுத்தூர் நெசவாளர்கள் ஒரு காலத்தில் நைஜீரியாவுக்கு ‘ரியல் மெட்ராஸ்’ கட்டம்போட்ட துணி ஏற்றுமதி செய்தவர்கள். வாழை நார்ச் சேலைக்கு இன்று பேர் பெற்றிருக்கிறார்கள். நீள நார்களை முனையோடு முனை முடிந்து இழையாக்குவது பழைய கைமுறை. ஜப்பானின் ஒக்கினாவா தீவில் கிஜோகா ஊரில் நார் வாழையைச் சாம்பல் காரத்தில் வேகவைத்து, பிரித்து, முடிந்து நெய்யும் துணியும் இதே முறைதான். ஒரு கிமோனோவுக்கு ஏறத்தாழ 200 மரம் ஆகும் என்பார்கள். தறியில் பாவுக்கு (நெடுக்கு இழை) பருத்தியோ பட்டோ, ஊடைக்கு (குறுக்கு இழை) வாழை என்பதே நடைமுறை. வாழை நார் நீட்டம் கொடுக்காது. பாவில் போட்டால், பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதின் இழுப்பில் அறுந்துகொண்டே இருக்கும். ஊடையையும் லேசான ஈரத்தோடு ஓட்டினால் முறிவு குறையும். சேலை வாங்கும்போது ‘நூறு விழுக்காடு வாழை’ என்று யாராவது சொன்னால் பாவு எதில் என்று கேளுங்கள்.

ஆலையில் நூற்க வேண்டுமென்றால் நாரை விரற்கடை நீளத்துக்கு வெட்டிப் பருத்தியோடு கலப்பார்கள், அல்லது சணல் இயந்திரத்தில் எண்ணெய்க் குழம்பு தெளித்து ஓட்டுவார்கள். பிலிப்பைன்ஸின் அபாக்காவோடு நம் வாழையை ஒப்பிடுவது வழக்கம். அபாக்காவும் வாழை இனம்தான், ஆனால் நாருக்காகவே வளர்ப்பது. கப்பல் கயிறு, தேயிலைப் பை, ஜப்பானின் பண நோட்டு வரை போகிறது. நம்முடையது பழத்துக்காகத் தேர்ந்தெடுத்த ரகம், நார் அதன் உபரி. அபாக்காவின் விலையை இதற்கு எதிர்பார்ப்பது நியாயமில்லை.

99 பங்கு

உரித்து முடித்தபின் நடுவில் மிஞ்சும் தண்டை அன்றே காய்கறிக்கடைக்கோ உணவகத்துக்கோ கொடுத்துவிடலாம். சாறாகவும் ஊறுகாயாகவும் ஆக்கலாம். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இந்த வகை மதிப்புக்கூட்டலில் பயிற்சி தருகிறது. பட்டைச் சாற்றைச் சேகரித்துப் பக்குவம் செய்து பயிருக்குத் தெளிக்கும் திரவமாக்கும் முறையைக் குஜராத்தின் நவ்சாரி வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது.

மிகுதி சக்கை. அதைத் தோட்டத்துக்குத் திருப்பித் தராமல் மரத்தை மட்டும் தூக்கிப்போனால் விவசாயிக்கு மறைமுக நட்டம். தோட்டக்கால் வாழைக்கு மரத்துக்கு ஆண்டுக்கு 330 கிராம் சாம்பல்சத்து (பொட்டாஷ்) என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதில் தாரோடு போனது போக நல்ல பங்கு மரத்தில்தான் தங்குகிறது. நார் அதை எடுத்துப் போவதில்லை. சத்து முழுதும் சாற்றிலும் சக்கையிலும் இருக்கிறது.

ஆனால் புதுச் சக்கையை அப்படியே குவித்தால் நாறும். ஈரம் மிகுதி, அதிலுள்ள சிறு நார்கள் கம்பளிபோல் பின்னிக் காற்றை அடைத்துவிடும். ஒருநாள் வடியவிட்டு, கொத்தி, காய்ந்த வாழைச் சருகை ஒரு சாண், சக்கையை அரைச் சாண், மேலே சாணிக் கரைசல் என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை புரட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் சூடு தணியும், அதன்பிறகே மண்புழு. சூடு தணியாமல் விட்டால் புழுக்கள் ஓடிவிடும், இல்லாவிட்டால் செத்துக் கிடக்கும்.

ஆகவே இயந்திரத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இடம் தேடி ஊருக்குள் ஷெட் பார்க்க வேண்டியதில்லை. சக்கரம் வைத்த சட்டத்தில் ஏற்றி, எஞ்சினோடு தோட்டத்துக்குள் இழுத்துப் போய், உரக்குழியின் விளிம்பில் உருளையின் வாய் குழிப்பக்கம் பார்க்க நிறுத்துவதே தோது. வாழைத் தார் ஒரே நாளில் வெட்டுவதில்லை, வாரக்கணக்கில் முற்ற முற்ற வெட்டுவார்கள். நாளுக்கு 70, 80 மரம் என்ற அந்த வேகமும் இயந்திரத்தின் உண்மையான வேகமும் ஏறத்தாழப் பொருந்திப் போகும். மாலையில் வண்டியில் ஏறுவது 12 கிலோ நார் மட்டும்.